நோய் எப்படி உண்டாகிறது என்பதில் முனைவர் பட்டம்: கேள்வி தேடுவதிலிருந்து வைவா (வாய்மொழித் தேர்வு) வரை

எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள் வருடாவருடம் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "அக்கா, பிஎச்.டி.க்கு ஒரு நல்ல ஜீன் சொல்லுங்க." நான் ஜீன் சொல்வதில்லை. "எந்த நோயாளியைப் பார்த்துட்டு வந்தே?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியதே அந்த மௌனம்தான்.

ஒரு நோய் உடலுக்குள் எப்படி உண்டாகிறது, எப்படி முற்றுகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அந்த அறிவை வைத்து ஒரு மாவட்டத்தில் நோயையும் சாவையும் குறைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஆய்வேட்டுக்குள் கொண்டுவர முடியும். ஆனால் அதற்கு ஏற்ற கேள்வியை முதல் வருடமே எடுத்திருக்க வேண்டும். ஐந்தாவது வருடம் கடைசி அத்தியாயத்தில் "பொது சுகாதாரப் பயன்கள்" என்று இரண்டு பக்கம் சேர்த்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நான் காசநோயில் வேலை பார்த்தவள், அதனால் உதாரணங்கள் அங்கிருந்தே அதிகம் வரும். மலேரியாவோ சர்க்கரை நோயோ எடுப்பவர்களுக்கும் வழி ஏறக்குறைய இதுதான்.

படி 1: கேள்வியைக் கண்டுபிடிப்பது

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். ஆறு மாதம் போனாலும் பரவாயில்லை.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் காலரா. 1884-இல் கல்கத்தாவில் காலரா கிருமியை ஆராய்ந்த ராபர்ட் காக், அது ஏதோ ஒரு நச்சை வெளியிட வேண்டும் என்று நினைத்தார். அதற்குப் பிறகு எழுபது ஆண்டுக்கு மேல் அந்த நச்சு யார் கையிலும் அகப்படவில்லை. கல்கத்தாவில் நோயியல் பேராசிரியராக இருந்த சம்புநாத் டே நேராக யோசித்தார். காலரா வந்தவர் உடம்பில் நீர் வற்றிச் சாகிறார். அந்த நீர் போவது குடல் வழியாக. அப்படியானால் பார்க்க வேண்டிய இடம் குடலின் உட்புறம்தானே? முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு முனையிலும் நூலால் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்தினார். அந்தத் துண்டு நீர் கோத்து உப்பியது. இந்த முறையை 1953-இல் வெளியிட்டார். 1959-இல் கிருமிகளை வடிகட்டி எடுத்துவிட்டு வெறும் வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. நச்சு கிருமிக்கு வெளியே, அந்த நீரில்தான் இருக்கிறது என்பது அப்படித் தெரிந்தது.

மறு ஆண்டே ராபர்ட் கிரேன் என்பவர், குடல் செல்கள் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார். காலரா நச்சு குடலை நீர் சுரக்க வைக்கிறது. ஆனால் இந்த இழுக்கும் கதவை அது மூடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரை வாய்வழியாகக் கொடுத்தாலே உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்பது இதிலிருந்து வந்த முடிவு. 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்திருந்த மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் டிரம்களில் இந்தக் கரைசலைக் கலக்கி வைத்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. நோயாளியின் சொந்தக்காரர்களே டம்ளரில் பிடித்துக் கொடுத்தார்கள். 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

முயல் குடலில் தொடங்கிய ஒரு கேள்வி, படிக்காத ஒரு தாயின் கையில் இருக்கும் டம்ளர்வரை வந்த வழி இது. உங்கள் கேள்வியையும் இப்படி நீட்டிப் பாருங்கள்: இதற்கு விடை கிடைத்தால் யாருடைய கையில் எந்த வேலை மாறும்? கிராம சுகாதார செவிலியரா, லேப் டெக்னீஷியனா, மருந்து வாங்கும் அதிகாரியா, வீட்டில் சமைப்பவரா? ஒருவரைக்கூடச் சொல்ல முடியவில்லை என்றால் அது அடிப்படை அறிவியல் கேள்வி. அதுவும் நல்ல வேலைதான், ஆனால் அதற்கான படிப்பு வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டே லண்டனில் பிஎச்.டி. செய்தது மூளையில் நீர் கோப்பது பற்றி, காலரா பற்றி அல்ல. எடுத்த தலைப்பிலேயே ஆயுள் முழுக்கக் கிடக்க வேண்டுமோ என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

படி 2: களத்திலிருந்து பின்னோக்கி நடப்பது

கேள்வி ஆய்வகத்தில்தான் பிறக்க வேண்டும் என்பதில்லை. 1968-இல் தொடங்கிய செங்கல்பட்டு பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) ஆய்வில் சுமார் 2.6 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. அதே தடுப்பூசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பாற்றுகிறது. ஏன் இந்த வேறுபாடு? மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமியின் சொந்தக்காரக் கிருமிகள் முன்பே உடலைப் பழக்கிவிட்டனவா? ஊர்களில் எடுத்த ஒரு கணக்கு, நோய் எதிர்ப்புச் செல்களைப் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளைக் கிளப்பிவிட்டது.

அதனால் பதிவு செய்யும் முன்பே ஒரு மாதமாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாவட்ட காசநோய் மையத்திலோ போய் உட்காருங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, ஓரமாக, சும்மா உட்காருங்கள். எனக்குக் கிடைத்த முதல் பாடம் ஒரு லோடுமேனின் மனைவியிடமிருந்து வந்தது. காலையில் எழுந்ததும் வரும் சளியைத்தான் டப்பாவில் பிடித்து வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். மூன்று முறையும் டப்பாவில் வெறும் எச்சில். "அவரு நாலு மணிக்கே மார்க்கெட்டுக்குப் போயிடறாரும்மா, வீட்டுக்குள்ள எல்லாரும் படுத்திருக்கிற இடத்துல எப்படிக் காறித் துப்புவாரு?" என்றார். அதுவரை என் ஆய்வுத் திட்டத்தில் "சளி மாதிரி பெறப்படும்" என்று ஒரே வரி இருந்தது. பிறகு அது அரைப் பக்கம் ஆனது.

படி 3: கைடும் இடமும்

இரண்டு கரையிலும் கால் வைக்க உங்கள் கைடு ஒருவரால் மட்டும் முடியாமல் போகலாம். ஆய்வகத்தில் தேர்ந்த ஒருவர் கைடாகவும், நோய்ப்பரவலியல் தெரிந்த ஒருவர் கோ-கைடாகவும் இருப்பது நல்ல ஏற்பாடு. பின்னவர் டாக்டரல் கமிட்டியில் இருந்தாலும் போதும்.

இடத்துக்கு நம் பக்கத்திலேயே குறையில்லை. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் தொடங்கியது. காசநோயாளியை சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகிறார், வீட்டிலிருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 193 நோயாளிகளைக் கொண்டு 1959-இல் உலகத்துக்குக் காட்டிய இடம் அது. சென்னையை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. கொசு வழி வரும் நோய்களுக்குப் புதுச்சேரியில் வெக்டார் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளின் குடல் நோய்கள் பற்றிப் பல வருட ஆய்வுத் தொடர்ச்சி உண்டு. குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் தடுப்பூசி சோதிக்கப்பட்ட மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. அந்தத் தடுப்பூசியின் கதையையும் தேடிப் படியுங்கள். டெல்லியில் பிறந்த குழந்தைகளுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் தொற்றிய ஒரு வைரஸ், அதே குழந்தைகளைப் பிற்பாடு கடும் வயிற்றுப்போக்கிலிருந்து காத்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்த வைரஸையே தடுப்பூசி ஆக்கினார்கள். 2016-இல் அது அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது.

சேருமுன் கைடின் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், முதல் கட்டுரையில் பெயர் யாருக்கு முன்னால் வந்தது, மாதிரி சேகரிக்கப் போக வண்டி யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியும். அதில் ஒரு வருடம் போனவர்களை எனக்குத் தெரியும். ஷோத்கங்கா இணையதளத்தில் அந்தக் கைடின் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகள் இருந்தால் இறக்கி, செய்முறை அத்தியாயத்தை முழுதாகப் படித்துவிடுங்கள்.

படி 4: நுழைவும் பணமும்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விதிகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். முதுகலையில் 55 சதவீதம் பொதுவான தகுதி. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு, ஐசிஎம்ஆர் (மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்), டிபிடி (உயிரித் தொழில்நுட்பத் துறை) ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கையில் இருந்தால் பல கதவுகள் திறக்கும். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் பணம் மாதாமாதம் ஒழுங்காக வரும் என்று நம்பி ஈஎம்ஐ எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் வராமல் பிறகு மொத்தமாக வருவது உண்டு.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருடம் கிடைக்கும், பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருடம். மகப்பேறுக்கும் குழந்தை பராமரிப்புக்கும் 240 நாள்வரை விடுப்பு இருக்கிறது. அது உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள்.

படி 5: கோர்ஸ் வொர்க்கை வீணாக்காமல் இருப்பது

குறைந்தது 12 கிரெடிட். எல்லாரும் இதை ஒரு சடங்காக நினைத்து ஓட்டிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உயிரியல் படித்து வந்தவர்கள் இந்த ஒரு வருடத்தில் நோய்ப்பரவலியலையும் புள்ளியியலையும் கையால் போட்டுப் பழக வேண்டும். புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) மென்பொருள் இலவசம், அதில் தொடங்குங்கள். எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கை வேறு யாரிடமாவது கொடுத்துப் போட்டு வாங்கினால், வைவாவில் அந்த எண்ணுக்குக் காரணம் சொல்ல வராது. மருத்துவம் படித்து வருபவர்களுக்கு இதன் மறுபக்கம் தேவை: பைப்பெட் பிடிப்பது, செல் வளர்ப்பது, தோற்றுப்போன சோதனையில் எங்கே தவறு என்று தேடுவது.

படி 6: அனுமதிகள்

எத்திக்ஸ் கமிட்டி, உயிரிப் பாதுகாப்புக் குழு, விலங்குகள் இருந்தால் அதற்கான குழு, வெளிநாட்டுக் கூட்டு இருந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு, மாவட்டத்தில் வேலை என்றால் மாநில அரசின் அனுமதி. எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தை விழுங்கிவிடும். கோர்ஸ் வொர்க் நடக்கும்போதே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். மனிதர்களுக்கு மருந்தோ உணவோ வேறு எந்தச் சிகிச்சையோ கொடுத்துச் சோதிப்பதாக இருந்தால், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவம் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். பெரும்பாலான தமிழ்ப் படிவங்கள் ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி மாற்றியவை. "தங்களது உயிரியல் மாதிரிகள் எதிர்கால பகுப்பாய்விற்காக சேமிக்கப்படக்கூடும்" என்று எழுதியிருந்த ஒரு படிவத்தை ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். "சரிம்மா" என்று கட்டைவிரலை நீட்டினார். என்ன புரிந்தது என்று கேட்டேன். "ஏதோ சேமிப்புக் கணக்கு" என்றார். அன்று மாலையே உட்கார்ந்து மாற்றினேன்: "உங்கள் ரத்தத்தில் ஒரு ஸ்பூன் எடுப்போம். மீதி இருந்தால் குளிர்பெட்டியில் வைத்து, பின்னால் வேறு சோதனைக்கும் எடுத்துக்கொள்வோம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் உங்கள் வைத்தியம் நிற்காது." திருத்திய படிவத்தை மறுபடி கமிட்டிக்கு அனுப்பியதில் ஆறு வாரம் போனது. அந்த ஆறு வாரத்துக்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

படி 7: ஆய்வக மேசை

காசநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். கிருமியை வளர்க்கும் எல்ஜே ஊடகத்தில் அது கண்ணுக்குத் தெரிய மூன்று முதல் எட்டு வாரம் ஆகும். இந்தக் கணக்கை முதல் நாளிலேயே காலண்டரில் குறித்துவிடுங்கள். ஒரு சோதனை கெட்டால் போவது இரண்டு மாதம்.

எல்ஜே பாட்டிலைப் பார்த்திருக்கிறீர்களா? முட்டையும் பச்சைச் சாயமும் சேர்த்து, சாய்வாக உறைய வைத்த வெளிர்பச்சைக் களி. நல்ல வளர்ச்சி என்றால் அதன் மேல் காலிஃப்ளவர் பூவைக் கிள்ளி வைத்தது போல, பழுப்பு கலந்த வெளிர்மஞ்சளில், சொரசொரவென்று காலனிகள் நிற்கும். என் இரண்டாம் வருடத்தில் ஒரு திங்கட்கிழமை இன்குபேட்டரைத் திறந்தபோது ஒரு ரேக் முழுக்கப் பச்சைக் களி கரைந்து கூழாகிக் கிடந்தது. வேறு கிருமிகள் புகுந்துவிட்டன. பின்னோக்கித் தேடினால், ஒரு மையத்தில் வெள்ளிக்கிழமை மாலை எடுத்த சளியை வண்டி வராததால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறையிலேயே வைத்திருந்தார்கள். மே மாதம் வேறு. சளியைச் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டுச் சுத்தம் செய்துதான் விதைப்போம். நேரம் குறைந்தால் மற்ற கிருமிகள் பிழைத்துவிடும், கூடினால் காசநோய்க் கிருமியே செத்துவிடும். எடுத்து நாள் கடந்த சளியில் எப்படிச் செய்தாலும் தோல்விதான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை மாதிரி எடுப்பதையே நிறுத்தினேன்.

இதைவிடப் பெரிய தவறு எலைசாவில் (ரத்தத்தில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) நடந்தது. நோயாளிகளின் ரத்தத்தை ஒரு தட்டிலும், நலமாக இருப்பவர்களின் ரத்தத்தை இன்னொரு தட்டில் வேறொரு நாளிலும் ஓட்டினேன். அழகான வேறுபாடு வந்தது. கைடு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "எந்தெந்தத் தேதியில ஓட்டினே?" என்று மட்டும் கேட்டார். கலந்து மறுபடி ஓட்டியதில் அந்த வேறுபாடு காணாமல் போயிற்று. இரண்டு பிரிவையும் ஒவ்வொரு தட்டிலும் கலந்து வையுங்கள். குழாயின் மேல் எண் மட்டும் இருக்கட்டும். எது யாருடையது என்ற பட்டியல் வேறொருவரிடம் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்து வேறுபாடு வந்தாலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது: இது நோய்க்குக் காரணமா, நோயால் வந்ததா? காசநோய் வந்தால் உடல் மெலியும், மெலிந்த உடலில் காசநோய் எளிதாக வரும். நோய் வந்த பிறகு எடுத்த ஒரே ஒரு ரத்த மாதிரியை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நோய் வரும் முன்பே மாதிரி எடுத்து, வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். தொற்று ஏற்பட்டவர்களிலும் வாழ்நாளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் நோயாக மாறும் என்பதால் ஆயிரக்கணக்கானவர்கள் தேவை. ஒரு மாணவரால் ஆகிற வேலை இல்லை. ஏற்கனவே நடக்கும் குழுவில் சேர்ந்துகொள்வதுதான் வழி. ரிப்போர்ட் இந்தியா (RePORT India) போன்ற காசநோய்க் கூட்டாய்வுகளில் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் எடுத்துச் சேமித்த மாதிரிகள் இருக்கின்றன. முறையாக விண்ணப்பித்து, அவற்றில் உங்கள் கேள்வியைக் கேளுங்கள்.

படி 8: திரும்ப வாசற்படிக்கு

மெலிவு காரணம்தான் என்றால் உணவு கொடுத்தால் நோய் குறைய வேண்டும் அல்லவா? ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் (RATIONS) ஆய்வு அதைத்தான் சோதித்தது. காசநோயாளிகளின் வீட்டில் இருந்த 10,345 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு பிரிவில் அந்த வீட்டாருக்கு அரிசி, பருப்பு, சத்து மாத்திரை எல்லாம் மாதாமாதம் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. 2023-இல் இதை வெளியிட்டார்கள். உடலுக்குள் நடப்பதைப் பற்றிய ஒரு கருத்தை மளிகைப் பையைக் கொண்டு சோதித்த ஆய்வு இது. என் மாணவர்கள் எல்லாரையும் இதைப் படிக்க வைக்கிறேன்.

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம், 2022-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோய்ச் சாவுகளில் பெரும்பங்கு சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கிறது. அதனால் நோய் கண்டறிந்த அன்றே செவிலியர் சில விஷயங்களைப் பார்க்கிறார்: உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ, எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 14 அல்லது அதற்குக் கீழா, 16-க்குள் இருந்து காலும் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலா, ரத்த ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடியவில்லையா. ஒன்று இருந்தாலும் மருத்துவர் முழுதாகப் பரிசோதித்து, தேவையானால் படுக்கையில் சேர்ப்பார். கால் வீக்கத்தை ஏன் சேர்க்க வேண்டும் என்று யோசியுங்கள். தேங்கிய நீரும் எடையோடு சேர்ந்துவிடும், எலும்பும் தோலுமாக இருப்பவர்கூடத் தராசில் தேறியவராகத் தெரிவார். இதைக் கண்டுபிடிக்க எடை மெஷினும் விரல்நுனி ஆக்சிமீட்டரும் போதும்.

உங்கள் ஆய்வேட்டிலும் இப்படி ஒரு அத்தியாயம் இருக்க வேண்டும். நீங்கள் கண்டுபிடித்த ரத்தக் குறியீட்டைச் சோதிக்க என்ன செலவாகும், எந்த மட்டத்து லேபில் முடியும், முடிவு வர எத்தனை மணி நேரம், வந்த பிறகு நோயாளிக்கு என்ன செய்ய முடியும் என்று கணக்குப் போடுங்கள். எடையைப் பார்த்தாலே தெரிகிற ஒன்றை உங்கள் விலையுயர்ந்த சோதனை திரும்பச் சொல்கிறதா என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பச் சொல்கிறது என்றால் அதையும் நேர்மையாக எழுதுங்கள்.

படி 9: எழுத்து, சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), வைவா

செய்முறை அத்தியாயத்தை வேலை நடக்கும்போதே எழுதிவிடுங்கள், மூன்று வருடம் கழித்து எந்த ரசாயனத்தை எந்தக் கம்பெனியில் வாங்கினோம் என்று நினைவிருக்காது. பிற எழுத்துகளோடு ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கட்டுரை வெளியிடுவதை யுஜிசி இப்போது கட்டாயமாக வைக்கவில்லை, ஆனால் பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. உங்கள் பல்கலைக்கழக விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் பத்து நாளில் போடும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள். வைவாவில் தேர்வாளர் கேட்கப்போவது பெரும்பாலும் ஏன் இவர்களைச் சேர்த்தீர்கள், ஏன் இத்தனை பேர், வேறு என்ன காரணமாக இருக்கலாம் என்பதுதான். முதல் படியில் ஆறு மாதம் செலவழித்தவர்களுக்கு இது சிரமமாக இருக்காது.

அப்புறம், பட்டம் கையில் வந்ததும் மாதிரி கொடுத்த ஊருக்கு ஒருமுறை போங்கள். என்ன செய்தோம், என்ன தெரிந்தது என்று தமிழில் ஒரே பக்கம் எழுதி எடுத்துப் போங்கள். நான் போனபோது அந்த சுகாதார நிலையத்தின் செவிலியர் நின்றபடியே முழுதும் வாசித்தார். மடித்து ரெஜிஸ்டருக்குள் வைத்துக்கொண்டு, உயரம் அளக்கும் ஸ்டாண்டைக் காட்டிக் கேட்டார்: "மேடம், முதுகு கூனிப்போன பாட்டிங்களுக்கு உயரம் எப்படி எடுக்கிறது? குறைச்சு வருது, பிஎம்ஐ நல்லா இருக்கிற மாதிரி காட்டுது. அவங்களைத்தான் நாம விட்டுடறோமோ?"

பையிலிருந்து நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.